ஒன்பது நிமிட மருந்தும் மலைப்பாதையும்

இதயம் விரைந்து துடிக்கும்போது அதற்குக் குறைந்துபோவது நிரம்பும் நேரமே. நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயத்தில் ஒரு துடிப்பு 800 மில்லிசெக்கன் நீடிக்கிறது. அதில் ஏறத்தாழ 300 மில்லிசெக்கன் கீழறைகளான இதயவறைகள் சுருங்கிக் குருதியை வெளியே தள்ளுவதிலும், எஞ்சிய 500 மில்லிசெக்கன் அவை தளர்ந்து, மேலறைகளான சோணையறைகளிலிருந்து குருதியைப் பெற்று நிரம்புவதிலும் கழிகின்றன. துடிப்பு 150 ஆக உயர்ந்தால் ஒரு துடிப்புக்குக் கிடைப்பது 400 மில்லிசெக்கன்தான்; சுருங்கும் நேரம் ஓரளவுக்கு மேல் குறையாது என்பதால் வெட்டின் பெரும்பகுதி நிரம்பும் நேரத்தின் மீதே விழுந்து, 500 இருந்த இடத்தில் 200 கூட மிஞ்சாமல் போகிறது. நலமான இதயத்துக்கு இது ஒரு பொருட்டன்று. தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடையைத் தொங்கவிட்டபடி செங்குத்தான தேயிலை மலையில் ஏறும், கொழுந்து பறிக்கும் பெண்ணின் இதயம் நாள்தோறும் அந்த வேகத்தைத் தொட்டு, நிறுவையிடத்தில் சற்று நின்றதும் இறங்கிவிடுகிறது. இரு அறைகளுக்கும் இடையிலுள்ள வாசல் அகலமாக இருப்பதால், கிடைத்த சிறு நேரத்திலேயே தேவையான குருதி கீழே பாய்ந்துவிடுகிறது.

அந்த வாசல் குறுகிப்போனவர்களின் நிலை வேறு. இடது சோணையறைக்கும் இடது இதயவறைக்கும் நடுவேயுள்ள இருகூர் வால்வு, மருத்துவர்கள் மைட்ரல் வால்வு என்று சொல்வது, வளர்ந்த ஒருவரில் நான்கு முதல் ஆறு சதுர சென்ரிமீற்றர் வரை திறக்கும். வாதக் காய்ச்சல் என்ற நோய் சிறு வயதில் அதைத் தாக்கினால், இதழ்கள் ஓரங்களில் ஒட்டி, தடித்து, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்கி, திறப்பு ஒன்றரைச் சதுர சென்ரிமீற்றருக்கும் கீழே போய்விடக்கூடும். ஒருவகை ஸ்ரெப்டோகொக்கசுப் பற்றீரியாவால் தொண்டையில் வரும் புண்ணை எதிர்க்க உடல் உண்டாக்கும் படையே, அந்தக் கிருமிக்கும் இதயத் திசுவுக்கும் உள்ள ஒற்றுமையால் மயங்கி, சொந்த வால்வையும் தாக்குவதுதான் இந்நோய். நெருக்கமாக வாழும் குடும்பங்களிடையே, ஒரே அறையில் பலர் படுத்துறங்கும் வீடுகளில், தொண்டைப் புண்ணுக்கு உரிய நேரத்தில் பெனிசிலின் கிடைக்காத இடங்களில் இது அதிகம் என்பது உலகெங்கும் அறியப்பட்ட உண்மை. இலங்கையின் நுவரெலியா, ஹட்டன் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகளை வரிசையாகக் கோத்துக் கட்டப்பட்ட லயன்கள், குளிர் காரணமாகக் கதவும் யன்னலும் அடைத்தே கிடக்கும் லயன்கள், இந்த நிபந்தனைகள் அனைத்தையும் தலைமுறை தலைமுறையாக நிறைவேற்றி வந்திருக்கின்றன.

குறுகிய வால்வின் ஊடாகக் குருதி பாயும் விதத்தை 1951 இல் ரிச்சர்ட் கோர்லின் என்ற அமெரிக்க இதய மருத்துவர், பொறியியலாளரான தம் தந்தையுடன் சேர்ந்து, நீரியல் விதிகளைக் கொண்டு ஒரு சூத்திரமாக்கினார். இன்றும் அவர் பெயராலேயே வழங்கும் அச்சூத்திரத்தின் சாரம் இது: திறப்பு மாறாதிருக்க, பாய்ச்சலின் வேகம் இரட்டித்தால் அதைத் தள்ளத் தேவைப்படும் அமுக்க வேறுபாடு நான்கு மடங்காகும். நிரம்பும் நேரம் பாதியாகக் குறைந்தால் அதே அளவு குருதி இரட்டை வேகத்தில் பாய்ந்தாக வேண்டும். ஓய்வில் எட்டு மில்லிமீற்றர் இரசமாக இருந்த வேறுபாடு அப்போது முப்பத்திரண்டுக்குத் தாவும். அந்த அமுக்கத்தைச் சுமப்பது இடது சோணையறையும் அதற்குப் பின்னாலுள்ள நுரையீரல் நாளங்களும்தான். அவற்றில் அமுக்கம் ஏறத்தாழ 25 மில்லிமீற்றரைக் கடந்தால் குருதியின் நீர்ப்பகுதி நாளச் சுவரைத் தாண்டிக் காற்றறைகளுக்குள் கசியத் தொடங்குகிறது. நோயாளி படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து, நுரை கலந்த சளியைத் துப்பியபடி மூச்சுக்குத் தவிக்கிறார். வால்வு நேற்றும் இதே அளவுக்குத்தான் குறுகியிருந்தது. இன்று மாறியது துடிப்பின் வேகம் ஒன்றே. இந்த அத்தியாயத்தின் பொருளான மருந்துக்கு வேலை பிறப்பது இந்த இடத்தில்தான்.

வேகம் மாறுவதற்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள் உண்டு. ஆண்டுக்கணக்கில் அமுக்கத்தைச் சுமந்து விரிந்துபோன இடது சோணையறை ஒருநாள் தன் ஒழுங்கை இழந்து, சுருங்குவதற்குப் பதிலாக வெறுமனே நடுங்கத் தொடங்குவது ஒன்று. சோணையறைத் துடிநடுக்கம் எனப்படும் இந்நிலையில் மேலறையிலிருந்து நிமிடத்துக்கு நானூறுக்கு மேற்பட்ட மின்தூண்டல்கள் கீழ்நோக்கிப் பாய, அறைகளுக்கு நடுவேயுள்ள கணு அவற்றிற் பலவற்றைத் தடுத்து நிறுத்திய பின்னரும் நாடி 140, 160 என்று ஒழுங்கற்று ஓடும். மற்றையது கருவுறுதல். கருவைச் சுமக்கும் பெண்ணின் குருதியின் கனவளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது, துடிப்பும் நிமிடத்துக்குப் பத்து முதல் இருபது வரை உயர்கிறது. கூடுதல் குருதியும் குறைந்த நேரமும் ஒன்றாக வந்து சேர்வதால், அதுவரை தமக்கு இதயநோய் இருப்பதையே அறியாதிருந்த பெண்கள் ஐந்தாம் ஆறாம் மாதங்களில் மூச்சுத்திணறலோடு முதன்முறையாக ஆஸ்பத்திரி வாசலுக்கு வருகிறார்கள். மேட்டுநிலமும் இதில் சிறிது சேர்கிறது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றமுக்கம் கடல்மட்டத்தினதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே என்பதால், அதே வேலைக்கு இதயம் சற்றுக் கூடுதலாகவே துடிக்கிறது.

இதயத்தை விரைவுபடுத்தும் கட்டளை அதிரீனலின், நோரதிரீனலின் என்ற இரு பொருள்களின் வடிவில் வருகிறது. அவை கலங்களின் மேற்பரப்பிலுள்ள வாங்கிகள் எனப்படும் புரதங்களில் வந்து ஒட்டும்போதுதான் கட்டளை உள்ளே போகிறது. ஒரே அதிரீனலின் சில இடங்களில் நாளங்களைச் சுருக்குவதும் வேறு சில இடங்களில் விரிப்பதும் நீண்டகாலம் புதிராக இருந்தது. 1948 இல் அமெரிக்க மருந்தியலாளர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட், வாங்கிகள் அல்பா, பீற்றா என இருவகைப்பட்டவை என்று சொல்லி அந்தப் புதிரை அவிழ்த்தார். அவருடைய கட்டுரையைத் தொடக்கத்தில் பொருட்படுத்தியவர்கள் குறைவு. பொருட்படுத்தியவர்களில் ஒருவரான ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக், பீற்றா வாங்கியில் ஒட்டிக்கொண்டு கட்டளை எதையும் உள்ளே அனுப்பாமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும் மூலக்கூறு ஒன்றைத் தேடிப் புறப்பட்டு, 1960களின் முதற்பாதியில் புரொப்பிரனலோலை உருவாக்கினார். அதற்காக 1988 இல் நோபல் பரிசும் பெற்றார். பீற்றா தடுப்பிகள் என்ற மருந்துக் குடும்பம் அங்கிருந்து வளர்ந்தது.

ஆயினும் நெருக்கடியில் இருக்கும் நோயாளிக்கு இம்மருந்துகளைக் கொடுக்க மருத்துவர்கள் அஞ்சினார்கள், அந்த அச்சம் நியாயமானதே. அதிரீனலினின் தூண்டுதலால் மட்டுமே தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கும் இதயம் ஒன்றிலிருந்து அத்தூண்டுதலை எடுத்துவிட்டால் குருதியமுக்கம் சரிந்துவிடலாம். புரொப்பிரனலோலின் அளவு குருதியில் பாதியாகக் குறைய மூன்று முதல் ஆறு மணி நேரமாகும், அதெனலோலுக்கு ஆறு ஏழு மணி நேரமாகும். கொடுத்தது தவறு என்று ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்தாலும், அத்தவறு இரவு முழுவதும் நோயாளியின் உடலில் இருந்தே தீரும். மருந்தைத் திரும்பப் பெற முடியாது என்பதே மருந்தைக் கொடுக்காமல் விடுவதற்குப் போதிய காரணமாயிற்று.

இதற்கு விடையாக 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க வேதியியலாளர்கள் சிலர் மருந்துக் கலையின் வழமையான இலக்கையே திருப்பிப் போட்டனர். ஒரு மூலக்கூறு உடலில் நெடுநேரம் நிலைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே வேதியியலாளர் காலங்காலமாக உழைத்தார்கள். இவர்களோ அது சில நிமிடங்களில் அழிந்துபோக வேண்டும் என்று, அழிவதற்கான இடத்தையும் மூலக்கூறுக்குள்ளேயே வைத்துக் கட்டினார்கள். அந்த இடம் ஓர் எசுத்தர் பிணைப்பு. நீர் மூலக்கூறு ஒன்று நுழைந்தால் இரண்டாக உடையக்கூடிய இப்பிணைப்பை உடைக்கும் நொதியங்கள், எசுத்தரேசுகள், குருதியில் ஏராளம். இவ்வாறு பிறந்த எஸ்மலோல் 1986 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்றது. செங்குழியங்களின் உட்சாற்றிலுள்ள எசுத்தரேசு அதன் முனையிலுள்ள எசுத்தரைப் பிளந்ததும், அது பீற்றா வாங்கியை அடைக்கும் ஆற்றலை ஏறத்தாழ முற்றாக இழந்த ஓர் அமிலமாகவும், உடலுக்குத் தீங்கு செய்யாத அளவு சொற்ப மெதனோலாகவும் மாறிவிடுகிறது; அமிலத்தைச் சிறுநீரகம் ஆறுதலாக வெளியேற்றிக்கொள்கிறது.

குருதியிலுள்ள எஸ்மலோலின் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரம் ஒன்பது நிமிடங்கள். ஊட்டலை நிறுத்திய 18 ஆவது நிமிடத்தில் காற்பங்கும், 27 ஆவது நிமிடத்தில் அரைக்காற் பங்கும் எஞ்ச, ஏறத்தாழ அரை மணி நேரத்தில் இதயம் மருந்தைக் காணாத இதயமாகிவிடுகிறது. இதன் வேகத்துக்கு இன்னொரு சான்றும் உண்டு. உடல் எஸ்மலோலைத் துப்புரவாக்கும் வீதம், உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் மணிக்கு ஏறத்தாழ 20 லீற்றர் குருதி என்று அளக்கப்பட்டிருக்கிறது. 45 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு அது நிமிடத்துக்கு 15 லீற்றராகிறது. ஓய்வில் அவருடைய இதயம் நிமிடத்துக்குத் தள்ளுவதோ நாலைந்து லீற்றர்தான். இதயம் ஈரலுக்கு அனுப்பும் குருதியை மட்டும் கொண்டு இந்தக் கணக்கை ஒருபோதும் நேர்செய்ய முடியாது. ஓடுகின்ற குருதியே, ஓடும் வழியெல்லாம், மருந்தை அழித்துக்கொண்டிருப்பதாற்றான் அது நிகழ்கிறது. ஈரலோ சிறுநீரகமோ பழுதுபட்டவரிலும் மருந்தின் செயல் ஒன்பது நிமிடக் கணக்கிலேயே அடங்குவது இதனால்தான்.

இவ்வளவு விரைவில் மறையும் மருந்தை ஊசியால் ஒருமுறை ஏற்றிவிட்டுப் போக முடியாது. 45 கிலோகிராம் எடையுள்ள பெண்ணொருவருக்கு வழமையான அளவு எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்று பார்க்கலாம். முதலில் கிலோகிராமுக்கு 500 மைக்குரோகிராம் வீதம் 22.5 மில்லிகிராம், ஒரு நிமிட நேரத்தில் நாளத்துக்குள் செலுத்தப்படுகிறது. ஒரு மில்லிலீற்றரில் பத்து மில்லிகிராம் கொண்ட கண்ணாடிக் குப்பியிலிருந்து எடுத்தால் அது இரண்டேகால் மில்லிலீற்றர். தொடர்ந்து நிமிடத்துக்குக் கிலோகிராமுக்கு 50 மைக்குரோகிராம் வீதம் ஓட வேண்டும், அதாவது மணிக்கு 13.5 மில்லிலீற்றர். சிறிஞ்சைத் தண்டோடு பொருத்தி மயிரிழை மயிரிழையாகத் தள்ளும் மின்பம்பி ஒன்றே இதைச் செய்ய வல்லது. சேலைன் போத்தலைத் தொங்கவிட்டுத் துளிகளை எண்ணும் பழைய முறை இதற்குப் போதாது. நாடி இறங்கவில்லையெனில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வேகத்தைப் படிப்படியாகக் கூட்டலாம். கூட்டும் ஒவ்வொரு படியிலும் குருதியமுக்கத்தை அளந்தாக வேண்டும், ஏனெனில் இம்மருந்தின் முதன்மையான பக்கவிளைவு அமுக்கம் வீழ்வதே. ஆய்வுகளில் ஐந்திலொருவர் முதல் இருவரிலொருவர் வரை அது காணப்பட்டிருக்கிறது. வீழ்ந்தால் செய்ய வேண்டியது எளிது: பம்பியின் வேகத்தைக் குறைப்பது அல்லது நிறுத்துவது. பெரும்பாலும் அரை மணிக்குள் அமுக்கம் மீண்டுவிடும்.

மீண்டுவிடும் என்ற இந்த உறுதிதான் மருத்துவரின் கையைக் கட்டவிழ்க்கிறது. நுரையீரலில் நீர் கோத்த நோயாளிக்குப் பீற்றா தடுப்பி கொடுக்கலாகாது என்பது மருத்துவ மாணவர் முதலில் கற்கும் விதிகளில் ஒன்று. இதயத்தசை வலுவிழந்து, தள்ள முடியாமல் நீர் தேங்கிய நிலையில் அவ்விதி சரியானதுமாகும். குறுகிய மைட்ரல் வால்வில் நடப்பது அதுவன்று. இங்கே இடது இதயவறை பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது, தள்ளும் வலுவும் அதற்கு உண்டு, ஆனால் தள்ளுவதற்குக் குருதி வந்துசேர்வதில்லை. துடிப்பை 150 இலிருந்து 90 க்கு இறக்கினால் நிரம்பும் நேரம் இரண்டு மடங்குக்கு மேலாகிறது, சோணையறையின் அமுக்கம் இறங்குகிறது, நுரையீரலின் கசிவு தணிகிறது. படுக்கையருகே நிற்கும் மருத்துவருக்கோ இரு நிலைகளும் வெளித்தோற்றத்தில் ஒன்றாகவே தெரியும். எதிரொலிப் படம் எடுத்துப் பார்த்த பின்னரும் இதயவறையின் வலுவைப் பற்றி ஐயம் எஞ்சலாம். ஐயம் எஞ்சும்போது, தவறானால் அரை மணியில் திரும்பப் பெறக்கூடிய மருந்தைக் கொண்டு சோதித்துப் பார்ப்பது அறிவுடைமை. நோயாளி ஏற்கெனவே நினைவிழந்து, அமுக்கம் சரிந்து கிடந்தால் இந்தச் சோதனைக்கும் இடமில்லை. மின்னதிர்ச்சியால் இதய ஒழுங்கை மீட்பதே அப்போது முதல் வேலை. நிறைமாதக் கர்ப்பிணியாயின் இன்னும் கவனம் தேவை, ஏனெனில் மருந்து நச்சுக்கொடியைக் கடந்து சிசுவின் துடிப்பையும் குறைக்கக்கூடும். அக்குறைவு ஊட்டலை நிறுத்திய பின்னும் நீடித்ததுண்டு.

விரைந்து துடிக்கும் இதயங்கள் எல்லாவற்றையும் அடக்கிவிட வேண்டும் என்று எண்ணுவதும் பெரும்பிழையாகும், தோட்டப்புறத்தில் அப்பிழைக்கு வாய்ப்புகள் அதிகம். இரும்புச்சத்துக் குறைவால் குருதிச்சோகை கண்ட பெண்ணின் இதயம், ஒவ்வொரு லீற்றர் குருதியிலும் குறைந்துபோன ஒட்சிசனைத் துடிப்பைக் கூட்டி ஈடுசெய்கிறது. பிரசவத்தில் குருதி இழந்தவரின் இதயமும், கடுங்காய்ச்சலில் கிடப்பவரின் இதயமும், வயிற்றோட்டத்தால் நீர்வற்றியவரின் இதயமும் அவ்வாறே உயிரைக் காக்க ஓடிக்கொண்டிருப்பவை. அந்த ஓட்டத்தை மருந்தால் நிறுத்துவது அவரிடம் எஞ்சியிருக்கும் ஒரே ஆதாரத்தைப் பறிப்பதாகும். ஒழுங்கான நாடியா, ஒழுங்கற்ற நாடியா என்று விரலால் தொட்டுப் பார்ப்பதும், மின்னியல் இதயவரைபு ஒன்றை எடுப்பதும், கண்ணிமையைக் கீழிழுத்து வெளிறலைப் பார்ப்பதும் எந்தப் பம்பிக்கும் முந்தியவை.

பீற்றா வாங்கிகளிலும் இரு பிரிவுகள் உள்ளன. முதல்வகை இதயத்தில் மிகுதி. இரண்டாம் வகை மூச்சுக்குழாய்களைத் தளர்த்தி விரித்து வைத்திருக்கிறது. இரண்டாவதை அடைத்தால் ஆஸ்துமா உள்ளவருக்கு, மலையகத்தில் இழுப்பு என்றும் இலங்கையின் பிற பகுதிகளில் தொய்வு என்றும் சொல்லப்படும் நோயுள்ளவருக்கு, மூச்சுக்குழாய் இறுகிவிடும். இது தேயிலை நாட்டில் ஏட்டுச் சுரைக்காய் அன்று. தேயிலைத் தொழிற்சாலையில் அரைத்துச் சலித்துத் தரம்பிரிக்கும்போது எழும் நுண்தூசும், இலையின் அடியிலிருந்து உதிரும் பஞ்சு போன்ற மயிரும் தொழிலாளரின் நெஞ்சைப் பாதிப்பதை இலங்கை மருத்துவர் சி. ஜி. உரகொட 1970 இலும் 1980 இலும் பிரித்தானிய ஆய்விதழ்களில் பதிவுசெய்தார். தேயிலை தயாரிப்போரின் ஆஸ்துமா என்ற பெயர் அவருடைய கட்டுரையிலிருந்தே மருத்துவ இலக்கியத்தில் ஏறியது. எஸ்மலோல் முதல்வகை வாங்கியையே பெரிதும் நாடுவது, அந்நாட்டம் இரண்டாம் வகையோடு ஒப்பிட ஏறத்தாழ 33 மடங்கு. யப்பானின் ஓனோ நிறுவனம் உருவாக்கி 2002 இல் அங்கு பாவனைக்கு வந்த லண்டியலோலில் அது 255 மடங்கு, அதன் பாதிக்காலமும் நான்கு நிமிடமே. அமெரிக்கா 2024 இல்தான் அதை அனுமதித்தது. ஆனால் லண்டியலோலை உடைப்பவை வேறு நொதியங்கள், குருதியின் நீர்ப்பகுதியிலுள்ள போலிக்கோலினெசுத்தரேசும் ஈரலிலுள்ள காபொட்சில் எசுத்தரேசுகளும். சேதனப் பொசுபேற்றுப் பூச்சிகொல்லிகள் முடக்குவது இந்த நொதியங்களையே. மரக்கறித் தோட்டங்களும் தேயிலை மலைகளும் அருகருகே கிடக்கும் நுவரெலியா போன்ற மாவட்டத்தில், பூச்சிமருந்துப் போத்தலொன்று நச்சு விபத்தாகவோ தற்கொலை முயற்சியாகவோ மாறுவது அரிதன்று. அப்படிப்பட்டவரில் லண்டியலோல் எதிர்பார்த்த வேகத்தில் அழியாமல் போகலாம் என்பது வேதியியல் தரும் எச்சரிக்கை. எஸ்மலோலை உடைக்கும் செங்குழிய எசுத்தரேசோ கோலினெசுத்தரேசு வகையைச் சேர்ந்ததன்று.

தேயிலைச் செடிக்கும் இந்த மருந்துக்கும் இன்னொரு உறவும் உண்டு. செருமானிய வேதியியலாளர் அல்பிரெக்ட் கொசெல் 1888 இல் தேயிலையிலிருந்து மிகச் சிறிய அளவில் பிரித்தெடுத்த தியோபிலின், கஃபீனின் நெருங்கிய உறவுப் பொருள். மூச்சுக்குழாயை விரிப்பதால் ஆஸ்துமாவுக்கு மலிவான மாத்திரையாக நெடுங்காலம் வழங்கி வருவது. ஒரு கோப்பைத் தேநீரில் அது பொருட்படுத்தத் தக்க அளவில் இல்லை. மாத்திரையாக அளவுக்கு மிஞ்சி விழுங்கினால் உடலில் அதிரீனலின் வெள்ளமாகப் பாய்ந்து, இதயம் கட்டுக்கடங்காமல் ஓட, இரண்டாம் வகைப் பீற்றா வாங்கிகளின் தூண்டலால் நாளங்கள் விரிந்து குருதியமுக்கமும் சரியும். அமுக்கம் சரிந்தவருக்குப் பீற்றா தடுப்பி கொடுப்பது விதிக்கு மாறானதாகத் தோன்றினாலும், காரணம் பீற்றா தூண்டலே என்பதால் இங்கே அது அமுக்கத்தை உயர்த்தவும் கூடும்; அத்தகைய நச்சேற்றத்தில் நச்சியலாளர்கள் எண்ணிப் பார்க்கும் மருந்துகளில் எஸ்மலோலும் ஒன்று, அதற்கும் காரணம் அது உடனே திரும்பப் பெறத்தக்கது என்பதே.

இவ்வளவு நுணுக்கமான மருந்துக்கு இவ்வளவு நுணுக்கமான கவனிப்பும் வேண்டும். ஒன்பது நிமிடத்தில் பாதியாகும் மருந்து, ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறையாவது நோயாளியைப் பார்க்கும் கண்ணைக் கேட்கிறது: ஓயாத இதயத் திரை, தானே அமுக்கம் அளக்கும் கருவி, மின்பம்பி, அதன் மின்கலம், இவற்றோடு அருகிலேயே நிற்கும் பயிற்சி பெற்ற தாதி. தோட்டத்து டிஸ்பென்சரியில் வைத்திருக்கக்கூடிய மருந்தன்று இது. இலங்கையில் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்கென முதற் சட்டம் 1872 இலேயே வந்தது, 1912 இல் அது திருத்தி எழுதப்பட்டது. எனினும் அச்சட்டங்களின் வழியாக வளர்ந்த தோட்ட மருத்துவம் அரச சுகாதார சேவைக்கு வெளியே, தோட்ட நிர்வாகத்தின் கையில், ஒரு மருந்துக்காரரையும் சில கட்டில்களையும் கொண்டே நூறாண்டுக்கு மேல் நடந்தது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1990களில்தான். இந்திய உதவியுடன் டிக்கோயா கிளங்கனில் 150 கட்டில்களோடு எழுந்த வைத்தியசாலை 2017 மே மாதம் திறக்கப்பட்டது. நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. இதய சத்திரசிகிச்சைக்கும் அதற்கு நிகரான சிகிச்சைகளுக்கும் கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டி ஏறத்தாழ 70 கிலோமீற்றர், மழைக்காலத்தில் மண்சரிவுக்குப் பேர்போன வளைவுகள்.

லயனிலிருந்து பெரிய தெருவுக்கு வந்து சேர்வதே தனியொரு பயணம். மேல் பிரிவுகளிலிருந்து தோட்டப் பாதை கல்லும் குழியுமாக இறங்குகிறது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்திருப்பது உண்மையான முன்னேற்றம், ஆயினும் அந்த வண்டி ஏற முடியாத தடங்களில் நோயாளியைத் தோளிலோ தோட்ட லொறியிலோ இறக்கித்தான் கொண்டுவர வேண்டும். அந்த நேரத்தில் உதவக்கூடியவை எளியவை: நோயாளியைப் படுக்கவிடாமல் நிமிர்த்தி உட்காரவைத்தல், ஒட்சிசன், நீரைச் சிறுநீராக வெளியேற்றும் புரூசமைட் ஊசி, எடுத்த இதயவரைபை அடுத்த வைத்தியசாலைக்கு முன்கூட்டியே அனுப்புதல். ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்றுக்கு எஸ்மலோல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நோயாளியை ஏற்றிச் செல்ல நேர்ந்தால், பம்பியின் மின்கலம் பாதிவழியில் ஓய்ந்த அரை மணிக்குள் இதயம் பழைய வேகத்தை எட்டிவிடும். மருந்தின் பெருங்குணமான அதே குறுவாழ்வு மலைப்பாதையில் அதன் பெருங்குறையாகிறது. ஆகவே நெடும்பயணத்துக்கு முன் நிலைமை இடங்கொடுத்தால் சற்று நீண்டு நிற்கும் மருந்துக்கு மாற்றிவிடுவதே பெரும்பாலும் விவேகம், அந்தத் தீர்மானத்தை எடுப்பதற்கு ஓர் அரை மணி எஸ்மலோல் சோதனை அளிக்கும் தெளிவைவிடச் சிறந்த வழிகாட்டி குறைவு.

மாற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. மெற்றோபுரலோல் போன்ற மாத்திரையின் முதல் வேளையைக் கொடுத்து அரை மணி கழிந்ததும் எஸ்மலோலின் வேகத்தைப் பாதியாக்கி, இரண்டாம் வேளைக்குப் பின் ஒரு மணி நேரம் நாடி கட்டுக்குள் நின்றால் பம்பியை நிறுத்திவிடுகிறார்கள். அத்துடன் எஸ்மலோலின் வேலை முடிகிறது, வால்வோ குறுகியபடியேதான் இருக்கிறது. இதழ்கள் அதிகம் சுண்ணமேறாதிருந்தால், யப்பானிய அறுவை மருத்துவர் கஞ்சி இனூவே 1984 இல் அறிமுகப்படுத்திய முறைப்படி, தொடை நாளத்தின் வழியே செலுத்திய பலூனை வால்வுக்குள் ஊதி ஒட்டிய ஓரங்களைப் பிரித்துவிடலாம். துடிநடுக்கம் உள்ளவருக்குச் சோணையறையில் குருதி உறைந்து மூளைக்குப் போகாதிருக்க வார்பரின் மாத்திரையும், அதன் அளவைச் சரிபார்க்க அடிக்கடி குருதிப் பரிசோதனையும் வேண்டும். இவற்றோடு, இன்னொரு தொண்டைப் புண் வால்வை மேலும் சிதைக்காதிருக்க, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தசையில் நீண்டு நிற்கும் பென்சதீன் பெனிசிலின் ஊசி. வால்வு பழுதுபட்டவருக்கு அது பத்து ஆண்டு அல்லது நாற்பது வயது வரை, சிலருக்கு ஆயுள் முழுவதும். ஊசியின் விலை சொற்பம், அரச கிளினிக்கில் அது இலவசமும்கூட. ஆனால் கிளினிக் நாளில் வேலைக்குப் பேர் பதியும் அதிகாலைப் பெரட்டுக்கு நிற்க முடியாது, மலையிறங்கிப் போய் வரிசையில் நின்று திரும்புவதற்குள் அன்றைய பேர் போய்விடும். ஊசிக்கு வர வேண்டியவர் மாதந்தோறும் ஒரு நாட்கூலியை விட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது. பிள்ளைக்கு ஊசியென்றால் கூடவே தாயின் பேரும் போகிறது. ஊசி தோட்டத்துக்கே, வேலை முடிந்து கொழுந்து நிறுத்த பின் மாலையில் வந்து சேருமாயின், பம்பியும் திரையும் தேவைப்படும் அந்த இரவு பலருக்கு வராமலே போகும்.